தரைப்பாலத்துக்குப் பத்து மார்க்

ஜன்னலைச் சாத்திடாதீங்க சார், காத்து வரட்டும். வண்டி இப்போதைக்கு நகராது. டிரைவரே பீடி பத்த வெச்சுக்கிட்டு இறங்கிட்டார் பாருங்க. முன்னாடி தெரியுதே, அதுதான் செவ்வாத்துத் தரைப்பாலம். குறுக்க ஒரு சங்கிலி, சங்கிலியில ஒரு சிவப்புத் துணி. பாலத்து மேல சொட்டுத் தண்ணி இல்லை. நட்ட நடுவுல ஒரு நாய் படுத்துத் தூங்குது. வானத்துல பொட்டு மேகம் இல்லை. ஆனா வண்டி போகக்கூடாது.

கோவம் வருதா? வரத்தான் செய்யும். எனக்கு வரலை. ஏன்னா இந்தச் சங்கிலியைப் போட்டதே நான்தான்.

சிரிக்காதீங்க. நான் வந்து கையால கட்டினேன்னு சொல்லலை. அரசாங்கத்துல ஒரு சங்கிலி விழணும்னா அதுக்குப் பின்னாடி ஒரு காகிதம் இருக்கணும், அந்தக் காகிதத்துக்குப் பின்னாடி ஒரு யோசனை இருக்கணும். அந்த யோசனை என்னோடது.

என் பேரு தணிகாசலம். கலெக்டர் பங்களாவுல கேம்ப் கிளார்க்கா இருந்தேன். இருபத்திரண்டு வருஷம், பதினோரு கலெக்டர். எல்லாரையும் சார் போட்டுப் பேசியே பழகிட்டேன், உங்களுக்கு என் பையன் வயசுதான் இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க. கலெக்டருக்கு வர்ற போன், தபால், மனு, திட்டு, எல்லாம் முதல்ல என் மேஜைக்கு வந்துட்டுத்தான் உள்ள போகும். போன மே மாசம் ரிட்டையர் ஆனேன்.

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறேன். உள்ள பொன்னாடை இருக்கு, கசங்கிடும். பதினோரு மணிக்கு கலெக்டர் ஆபீஸ்ல பிரிவுபசார விழா. டாக்டர் ஜெபஷீலான்னு ஒரு பொண்ணு, மாவட்டத்துக்கு வானிலை ஆலோசகர். அதைச் சென்னைக்குக் கூப்பிட்டுட்டாங்க, எல்லா மாவட்டத்துக்கும் யோசனை சொல்ற குழுவுல போட்டிருக்காங்க. அத்தனை தாசில்தார் முன்னாடி நான் அதுக்குப் பொன்னாடை போத்தணும். போத்தும்போது அது மைக்கைப் பிடிச்சு, 'இதுக்கெல்லாம் காரணம் தணிகாசலம் சார்தான்'னு ஒரு வார்த்தை சொல்லணும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சார் போறேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

மணி பத்தே கால்தானே? போயிடலாம், போயிடலாம்.

இந்தப் பொண்ணு வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி பிறக்கறதுக்கு முன்னாடி. வெள்ளம் வர்ற மாவட்டத்துக்கெல்லாம் வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு ஒரு விஞ்ஞானியை ஆலோசகரா வெச்சுக்கணும்னு மேல இருந்து உத்தரவு. நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு. பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருந்ததைப் பார்த்துட்டு எங்க டபேதார் முதல் நாளே மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டுக்கிட்டு வாசல்ல நின்னார். அதுவும் சளைக்காம, 'அண்ணே, எனக்கு மேகத்தோட மூட்டுதான் தெரியும்'னுச்சு. ஆபீஸே சிரிச்சுது. அன்னைக்கே அதுக்கு மழை டாக்டர்னு பேர் வெச்சுட்டாங்க.

பழைய தேர்தல் பெட்டி அடுக்கியிருந்த ரூமை ஒழிச்சுக் கொடுத்தோம். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு பக்கக் குறிப்பு வரும். அதைப் படிச்சா நமக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. மலைப் பகுதியில இத்தனை சதவீதம், சமவெளியில இத்தனை சதவீதம், காத்து இப்படித் திரும்பினா இத்தனை, திரும்பலைன்னா அத்தனை. கலெக்டருக்கு இதையெல்லாம் படிக்க நேரம் ஏது? 'தணிகாசலம், சுருக்கி ஒரே வரியில ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க. நாளைக்கு லீவு விடணுமா வேண்டாமா, அவ்வளவுதான்'னு சொல்லிட்டார்.

நான் அந்தப் பொண்ணுகிட்ட நேராவே போனேன். "மேடம், நாளைக்கு மழை வருமா வராதா?"

"நாப்பது சதவீதம் சார்."

"நாப்பதுன்னா?"

"இதே மாதிரி பத்து நாள் இருந்தா, அதுல நாலு நாள் மழை பெய்யும் சார்."

"நான் கேட்டது நாளைக்கு ஒரு நாளைக்குத்தாம்மா."

"நாளைக்குத்தான் சார். நாப்பது."

பாருங்க! படிச்ச பொண்ணு, வெளிநாடெல்லாம் போயிட்டு வந்த பொண்ணு, வருமா வராதான்னு கேட்டா பதில் சொல்லத் தெரியலை. எனக்குப் பாவமாவே இருந்தது. சரி, இதுக்கு நாமதான் ஒரு வழி பண்ணணும்னு ராத்திரி சாப்பிடும்போதே யோசிச்சேன். பளிச்சுனு பிடிபட்டுச்சு. நூத்துக்கு நாப்பது. நூத்துக்கு எத்தனை எடுத்தா பாஸ்?

சொல்லுங்க. முப்பத்தஞ்சு! நீங்களும் அதைத்தானே எழுதிட்டு வந்திருப்பீங்க? எங்க அப்பா காலத்துல இருந்து அதுதானே?

அவ்வளவுதான் சார் விஷயம். முப்பத்தஞ்சும் அதுக்கு மேலயும் எடுத்தா மழை பாஸ். அதுக்குக் கீழே ஃபெயில். பாஸ் ஆனா 'நாளை மழை உண்டு'ன்னு சீட்டு, ஃபெயில் ஆனா 'நாளை மழை இல்லை'ன்னு சீட்டு. கலெக்டருக்கு ரொம்பத் திருப்தி. 'இப்பத்தான்யா எனக்குப் புரியுது'ன்னார். அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லலை. அதுக்கு இருக்கற வேலையில இது வேறயா?

முதல் சோதனையே அந்த நாப்பதுலதான். பாஸ். லீவு விட்டாச்சு. மறுநாள் அடிச்சுது பாருங்க ஒரு வெயில், சித்திரையில கூட அப்படி அடிச்சதில்லை. காலையில எட்டு மணிக்கு பங்களா போன்ல ஒரு அம்மா. "கலெக்டர் சார் இருக்காருங்களா? என் வீட்டுல மூணு பசங்க. மழை வர்ற வரைக்கும் அவரே வெச்சுக்கட்டும், ஆட்டோ பிடிச்சு அனுப்பறேன்." இப்படி முப்பது போன். சரி, ஒரு தடவை சறுக்கறதுதான். படிக்கற பையனே சில சமயம் சறுக்கறதில்லையா?

ரெண்டாவது தடவைதான் சார் சிரிக்க முடியாததாப் போச்சு.

அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை. குறிப்புல மலைக்கு முப்பதுன்னு இருந்தது. கீழே ஏதோ ரெண்டு வரி கோடு போட்டு எழுதியிருந்தது, நான் எண்ணைத்தான் பார்த்தேன். முப்பது, ஃபெயில். 'நாளை மழை இல்லை.' புதன்கிழமை காலையில டவுன்ல தூறல் கூட இல்லை. எட்டரை மணிக்கு எனக்குத்தான் முதல் போன் வந்தது. மலையில விடியக்காலையில கொட்டித் தீர்த்திருக்கு. இதோ, இதே பாலத்து மேல, அந்த நாய் படுத்திருக்கற இடத்துலதான், ஒரு ஸ்கூல் வேன் இன்ஜின் அடங்கி நிக்குது. தண்ணி சக்கரத்துக்கு மேல ஏறுது. உள்ள பதினோரு பிள்ளைங்க.

கரும்பு லாரிக்காரர் ஒருத்தர் கயிறு போட்டு எல்லாரையும் இழுத்துட்டார் சார். பதினோரு பேரும் பத்திரம். போனது ஒரு டிபன் பாக்ஸும் ஒரு ஒத்தச் செருப்பும்தான். ஆனா பதினோரு பேருங்கற கணக்கு போன்ல வந்து சேர்ற வரைக்கும் நான் உக்காரவே இல்லை. நின்னுக்கிட்டே இருந்தேன். முப்பதுன்னு எழுதியிருந்ததை இல்லைன்னு எழுதின கை இதுதானே.

பத்து மணிக்கு அந்தப் பொண்ணை உள்ள கூப்பிட்டாங்க. நான் கோப்பைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கறேன். கலெக்டர் என் சீட்டை மேஜை மேல தட்டினார். "மழை இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. இதுக்கு எதுக்கு ஒரு ஆலோசகர்?" அது சீட்டை எடுத்துப் பார்த்தது. என் கையெழுத்து ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், ழகரத்துக்கு வால் நீளமா இழுப்பேன். 'மழை'ங்கற வார்த்தையில அந்த வால் தொங்குது. அது சீட்டைப் பார்த்தது, என்னை ஒரு தரம் பார்த்தது. அப்புறம், "ஒரு நாள் டயம் கொடுங்க சார், எங்க தப்பு நடந்ததுன்னு பார்த்துச் சொல்றேன்"னுச்சு. "நாளைக்குச் சொல்லலைன்னா நீங்க கிளம்பிடலாம்"னு சொல்லிட்டார் கலெக்டர்.

ஒரு வார்த்தை சொல்லலை சார் என்னைப் பத்தி. மரியாதை தெரிஞ்ச பொண்ணு. சர்வீஸ்ல பெரியவங்க முன்னாடி வாயைத் திறக்கக்கூடாதுன்னு யாரோ நல்லா சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்காங்க.

மத்தியானம் என் மேஜைக்கு எதிர்ல வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தது. "சார், இல்லைன்னு எப்படி முடிவு பண்ணீங்க?" நான் ஒளிக்கலை. பாஸ் மார்க் கணக்கை முழுசா விளக்கினேன். நாப்பது எப்படி பாஸ், முப்பது எப்படி ஃபெயில், அறுபது வந்தா ஃபர்ஸ்ட் கிளாஸ், அன்னைக்குச் சீட்டுல 'நல்ல மழை'ன்னு எழுதலாம்னு இருந்தேன், எல்லாம். அது கன்னத்துல கை வெச்சுக்கிட்டு கேட்டுது. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சது பாருங்க! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. என் முறை அவ்வளவு பிடிச்சுப் போச்சு.

சிரிச்சு முடிச்சுட்டு, "சார், உங்க வீட்டுல காஸ் வாசனை வர்ற மாதிரி இருக்கு. நிஜமா லீக் ஆகுதுன்னு எத்தனை மார்க் தேறினா ஜன்னலைத் திறப்பீங்க?"ன்னு கேட்டுது.

"மார்க்காவது ஒண்ணாவது. சந்தேகம் வந்தாலே திறப்பேன்."

"நூத்துக்கு அஞ்சுதான் சான்ஸ்னாலும்?"

"ஒண்ணுன்னாலும் திறப்பேம்மா. புள்ளகுட்டி இருக்கற வீடு."

"சரி, மாடியில துணி காயுது. மழை வரலாம், வராமலும் போகலாம். எத்தனை மார்க்குக்கு ஏறிப் போய் எடுப்பீங்க?"

நான் யோசிச்சேன். "முழங்கால் வலிக்கும். அறுபதாவது இருக்கட்டும்."

"அப்ப பாஸ் மார்க் பாடத்துக்குப் பாடம் மாறுதுல்ல சார்?"

கவனிச்சீங்களா? பதிலெல்லாம் நான் சொன்னது. அது கேள்வி மட்டும்தான் கேட்டுது. நோட்டுல எழுதிக்கிட்டது அது, சொன்னது நான். இதை நான் எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்வேன்.

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் மாவட்ட வரைபடத்தை விரிச்சு வெச்சு உக்காந்தோம். மொத்தம் பதினாலு தரைப்பாலம். எது எத்தனை நேரத்துல நிறையும், எதுல ஸ்கூல் வேன் போகும், எனக்குத்தானே தெரியும்? இருபத்திரண்டு வருஷமா அத்தனை ஊர்க்காரனும் என்கிட்டதானே போன்ல அழுதிருக்கான்.

மறுநாள் கலெக்டர் முன்னாடி அது பேசினதை நீங்க கேட்டிருக்கணும். சதவீதம்ங்கற வார்த்தையே வரலை. மார்க், பாஸ், ஃபெயில். "சார், மாவட்டம் முழுக்க லீவு விடறதுன்னா ஊருக்கே சிரமம். அதுக்குப் பாஸ் மார்க் அதிகம் வைக்கலாம். தரைப்பாலத்தைச் சில மணி நேரம் மூடறது சின்னச் சிரமம், ஆனா மூடாம விட்டா போறது உயிர். அதுக்குக் குறைச்சு வைக்கணும். இன்னைக்கு மழை எத்தனை மார்க் வாங்கும்னு சொல்றது என் வேலை. எத்தனைக்குப் பாஸ் போடறதுன்னு முடிவு பண்றது என் வேலை இல்லை சார். அது உங்க வேலை. ஜனங்களுக்குப் பதில் சொல்லப் போறது நீங்கதான்."

கலெக்டர் வரைபடத்துல பதினாலு பாலத்தையும் ஒவ்வொண்ணா விரலால தொட்டுப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, "தரைப்பாலத்துக்குப் பத்து"ன்னு எழுதினார். "இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமேம்மா"ன்னார். அது என்னைக் காட்டி, "சார்கிட்டதான் கத்துக்கிட்டேன்"னுச்சு. மூடின ரூம்ல, மூணே பேர் முன்னாடி. அந்த வார்த்தையைத்தான் இன்னைக்கு மைக்குல கேக்கணும்னு போறேன்.

பத்துன்னு போட்டது கலெக்டர், ஒத்துக்கறேன். ஆனா மார்க்னு ஒண்ணு உண்டுன்னு இந்த உலகத்துல முதல்ல கண்டுபிடிச்சது யாரு?

உத்தரவு தயாராச்சு. மூணு பத்தி அந்தப் பொண்ணு எழுதிச்சு. எண் எப்படி வரும், யார் யாருக்குச் சொல்லணும், சங்கிலி எப்பப் போடணும், எப்ப எடுக்கணும். நாலாவதா ஒரு பத்தி நான் சேர்த்தேன். அது சும்மா ஆபீஸ் சமாச்சாரம், தாள்ல இடம் இருந்தது, அதான். உங்களுக்குச் சொன்னா போரடிக்கும்.

மணி என்ன? பத்தே முக்காலா! இதுக்கு மேல உக்காந்திருந்தா ஆகாது. சங்கிலிகிட்ட ஒரு அம்மா நிக்குதே, பச்சையம்மாள், கிராம உதவியாளர். இருங்க, நான் யாருன்னு சொன்னா அவுத்துவிட்டுடும். பையைப் பார்த்துக்குங்க.

நகருங்க சார், உக்காந்துக்கறேன். தண்ணி பாட்டில் இருக்கா?

அவுக்கலை.

"ஏம்மா, இந்த உத்தரவை எழுதினதே நான்தான்"னு சொன்னேன். "அப்படிங்களா சார், ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க"ன்னுச்சு. "இந்த ஒரு வண்டிக்கு மட்டும் அவுத்துடும்மா, நான் பார்த்துக்கறேன்"னேன். அது கைப்பையில இருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்துது. எடுத்துதே தவிர அதைப் பார்க்கவே இல்லை. என் மூஞ்சியைப் பார்த்து மனப்பாடமா ஒப்பிக்குது. "நான்காவது பத்தி. மேற்படி சங்கிலியை, குறித்த நேரத்துக்கு முன்னர், எவர் நேரிலோ தொலைபேசியிலோ கேட்டுக்கொண்டபோதிலும், அன்னார் எத்துணை உயர்ந்த பதவியில் இருப்பவராயினும், பதவியிலிருந்து ஓய்வுபெற்றவராயினும், அகற்றலாகாது. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எவர் கூறினாலும் அது செல்லாது."

என் நடை சார். 'அன்னார்', 'எத்துணை', எல்லாம் என்னுது. ஓய்வுபெற்றவராயினும்னு நான் எதுக்குப் போட்டேன் தெரியுமா? அப்ப ஒரு ரிட்டையர்டு ஆர்.டி.ஓ. எதுக்கெடுத்தாலும் போன் பண்ணி, "தணிகாசலம், நம்ம பையன்தான், விட்டுடுங்க"ம்பார். உத்தரவு எத்தனை வந்து எத்தனை போனதுன்னு போன் எடுத்தவனுக்குத்தானே தெரியும்? காலையில கையெழுத்தாகும், சாயங்காலத்துக்குள்ள நாலு போன்ல செத்துப் போயிடும். அந்த எரிச்சல்ல, அந்த ஆளை மனசுல வெச்சு எழுதினது. நானும் ஒரு நாள் ரிட்டையர் ஆவேன்னு அன்னைக்குத் தோணலையே!

இருங்க, பின்னாடி சீட்டுக்காரர் கத்தறார் பாருங்க, எந்த மடையன் இப்படி ஒரு சட்டத்தைப் போட்டான்னு. சார், நாம பேசினது நமக்குள்ளேயே இருக்கட்டும். திரும்பிப் பார்க்காதீங்க.

அந்தப் பொண்ணுக்கே போன் போட்டுடறேன். அது சொன்னா கேக்காம இருப்பாங்களா?

ஹலோ... அம்மா, தணிகாசலம் பேசறேன்... ஆமாம்மா, கிளம்பி வந்துட்டேன், செவ்வாத்துல மாட்டிக்கிட்டேன்... சங்கிலிதான், வேற என்ன... பதினெட்டா? சரிம்மா, பத்துதான் பாஸ், எனக்குத் தெரியாதா? ஆனா இங்க வெயில் பொளக்குதும்மா, நாய் தூங்குது... ம்... ம்... என்னது?... சரி... சரிம்மா. வெச்சுடறேன்.

மலையில இன்னைக்குப் பதினெட்டு மார்க்காம். ஒரு மணி வரைக்கும் சங்கிலி உண்டாம். அவுக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை சார்ங்குது. "கலெக்டருக்கே இல்லை, எனக்கு எப்படி இருக்கும்? அப்படி எழுதினதே நீங்கதானே"ங்குது. சிரிப்பு வேற. அப்புறம் ஒண்ணு சொல்லுச்சு, அதுதான் எனக்குப் புரியலை. சென்னையில கேட்டாங்களாம், மத்த மாவட்டத்துலயும் விஞ்ஞானி இருக்காங்க, எண்ணும் சரியாத்தான் கொடுக்கறாங்க, உங்க மாவட்டத்துல மட்டும் எப்படி ரெண்டு வருஷமா ஒரு வண்டி கூட ஆத்துல மாட்டலைன்னு. அதுக்கு இந்தப் பொண்ணு நாலாவது பத்தியை எடுத்துக் காட்டுச்சாம்.

பாருங்க சார், என் மார்க் யோசனையைப் பத்திப் பேச்சே இல்லை. போயும் போயும் அந்தப் பத்தியைப் பிடிச்சுக்கிட்டு. இதை மைக்குல சொல்லி வெச்சா எனக்கு என்ன மரியாதை?

மணி பதினொண்ணு. அங்க இப்பக் குத்துவிளக்கு ஏத்தியிருப்பாங்க. விடுங்க. வேர்க்கடலை சாப்பிடறீங்களா?

சார், எழுந்திருங்க, மணி பன்னெண்டே கால் ஆச்சு, அக்கரையில பாருங்க. ஒரு ஜீப் வந்து நிக்குது. கலெக்டர் ஆபீஸ் ஜீப்தான், எனக்குத் தெரியாத வண்டியா? நிக்குது, நிக்குது. அந்தப் பக்கச் சங்கிலிகிட்டயே நின்னுடுச்சு! ஹார்ன் கூட அடிக்கலை. இறங்கறது யாரு? அந்த ஒல்லி உருவம்... அடக் கடவுளே, அதேதான். விழா முடிஞ்சதும் நேரா வந்திருக்கு. ரெண்டரைக்கு ரயில் சார் அதுக்கு! பையைக் கொடுங்க, கொடுங்க.

வந்துட்டேன். மூச்சு வாங்குது, இருங்க. நீங்க ஜன்னல்ல இருந்து பார்த்திருப்பீங்க, பேசினது கேட்டிருக்காது. சொல்றேன்.

இந்தக் கரையில நான், அந்தக் கரையில அது. நடுவுல ஒரு நாய். ரெண்டு பக்கமும் சங்கிலி. காதுல போனை வெச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசறோம். "உங்க பேரைச் சொன்னேன் சார். எல்லாரும் கைதட்டினாங்க. நீங்க இல்லாமப் போயிட்டீங்க"ன்னுச்சு. "என்ன சொன்னே?"ன்னு கேட்டேன். "'என் எண் எத்தனை சரியா இருந்தாலும் நாலு போன்ல செத்திருக்கும். அதைச் சாகாமப் பார்த்துக்கிட்டது தணிகாசலம் சார்'னு சொன்னேன்"னுச்சு. நான் எதிர்பார்த்த வார்த்தை அது இல்லை சார். ஆனா இருபத்திரண்டு வருஷமா போன் எடுத்ததுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும்னு நான் நினைச்சதே இல்லை.

அதுக்குள்ள நம்ம பஸ் ஜனம் மொத்தமும் என்னைச் சுத்தி வந்துடுச்சு. சர்க்கார் ஜீப்பும் அந்தப் பக்கம் காத்துக்கிட்டு நிக்கறதைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கிட்டாங்க. பின்சீட்டுக்காரர் கூட. இதுக்கு மேல மறைச்சு என்ன பண்றது? ஆமாய்யா, இந்த உத்தரவுல எனக்கும் பங்கு உண்டுன்னு சொல்லிட்டேன். வெங்காயக் கூடை வெச்சிருக்குதே ஒரு அம்மா, அது இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, "அப்பத் தண்ணி வருமா வராதா, ஒரே பேச்சா சொல்லுப்பா"ன்னுச்சு.

"நூத்துக்குப் பதினெட்டும்மா."

"பதினெட்டுன்னா?"

"இதே மாதிரி நூறு நாள் இருந்தா, அதுல பதினெட்டு நாள் வரும்."

"நான் கேட்டது இன்னைக்கு ஒரு நாளைக்குத்தாம்பா!"

அக்கரையைப் பார்த்தேன். அந்தப் பொண்ணு போனை இன்னும் காதுலயே வெச்சிருந்தது, எல்லாம் கேட்டிருக்கு. தோள் குலுங்கறது இங்கிருந்தே தெரியுது. அன்னைக்கு என் மேஜை எதிர்ல சிரிச்சுதே, அதே சிரிப்பு. அப்பத்தான் லேசா உறைச்சுது, அன்னைக்கும் அது எதுக்குச் சிரிச்சிருக்கும்னு. எப்படித்தான் என்னைப் பொறுத்துக்கிச்சோ.

பொன்னாடையை எடுத்து ரெண்டு கையாலயும் உயரத் தூக்கிக் காட்டினேன். அது அங்கிருந்தே தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்ட மாதிரி பண்ணுச்சு. அப்புறம் கையை ஆட்டிட்டு ஜீப்புல ஏறிடுச்சு, ரயிலுக்கு நேரமாச்சே. நான் துணியும் கையுமா நிக்கறேன். மறுபடி பையில மடிச்சு வைக்க மனசு வரலை. பக்கத்துல பச்சையம்மாள் கொடிமரம் மாதிரி நிக்குது. காலையில ஆறு மணியில இருந்து வெயில்ல நிக்குது சார், எத்தனை பேர்கிட்ட ஏச்சு வாங்கியிருக்கும்?

எடுத்து அந்த அம்மா தோள்ல போத்திட்டேன். பஸ்காரங்க எல்லாரும் கைதட்டினாங்க, வெங்காயக்கார அம்மா உட்பட. பச்சையம்மாள் பொன்னாடையைத் தடவிப் பார்த்துது. வெக்கப்பட்டுச் சிரிச்சுது. அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, சங்கிலிப் பூட்டை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுது, "ரொம்ப சந்தோஷம் சார். ஆனா ஒரு மணிக்கு முன்னாடி அவுக்க மாட்டேன்."